கடலுக்குப் போகும் வழி

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் ஓர் ஏக்கம். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் மாலை நடையாகக் கடலைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஹூக்ளியின் படித்துறைகளில் நின்று அந்தக் குறையை ஓரளவு ஆற்றிக்கொள்கிறோம். நதி அழகியதுதான், ஆயினும் நதிக்கு மறுகரை தெரிகிறது. மறுகரை தெரியாத நீர்ப்பரப்பைக் காண வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழும்போது, இந்நகரில் முதலில் வரும் பெயர் திகா.

இரண்டு நாள் விடுமுறை, நடுத்தர வருவாய், முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பம் என்னும் மூன்றுக்கும் பொருந்துகிற கடற்கரை ஊர் கொல்கத்தாவுக்கு அருகில் வேறு பல இல்லை. அதனால்தான் அவ்வூரைக் கோவாவைப் போல ஆக்க வேண்டும் என்றும், உலகின் பெயர் பெற்ற உல்லாசக் கடற்கரைகளின் வரிசையில் நிறுத்த வேண்டும் என்றும் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். வண்ண விளக்குகள், வளைவுகள், பூங்காக்கள், உயர்ந்த விடுதிகள் என ஒவ்வொன்றாக வந்துகொண்டும் இருக்கின்றன.

இவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கடற்கரை நகரின் சிறப்பை அளக்க வேறோர் அளவுகோல் உண்டு என்று கருதுகிறோம். முதல்முறை வரும் ஒருவர், தரகர் எவருடைய துணையுமின்றி, தம் கால்களை நம்பி, அவ்வூரில் வழி கண்டு நடக்க முடிகிறதா என்பதே அது. அது முடிந்தால் அந்த ஊர் பயணிக்கு உரியதாகிறது. முடியாவிட்டால், எத்தனை விளக்குகள் எரிந்தாலும், அவர் பணம் கொடுத்துவிட்டுத் திக்குத் தெரியாமல் நிற்கும் ஓர் அந்நியர்தான்.

இரு விருந்தினர்கள், இரு கடற்கரைகள்

உல்லாசக் கடற்கரை என்றவுடன் உலகம் நினைப்பது பிரான்சின் தென்கரையை. கான், நீஸ் ஆகிய ஊர்களின் பெயர்கள் திரைப்பட விழாவாலும் செல்வர்களின் படகுகளாலும் நமக்கு அறிமுகமானவை. ஆனால் அவை தொடக்கத்திலேயே அப்படி இருந்தவை அல்ல. 1834ஆம் ஆண்டில் பிரௌம் பிரபு என்னும் ஆங்கிலேய அரசியலறிஞர் நோயுற்ற தம் மகளுடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். காலரா அச்சத்தால் எல்லை அடைக்கப்பட்டிருந்தது. வழியில் தங்க நேர்ந்த சிறு மீனவ ஊர்தான் கான். அவ்விடம் பிடித்துப்போய் அங்கேயே ஒரு மாளிகை கட்டினார். அவரைப் பின்பற்றிப் பிறர் வந்தார்கள். இன்று உலகமே அறிந்த திரைப்பட விழா அங்கே முதன்முறை நடந்தது 1946இல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஊர் விருந்தினர்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

நீஸ் நகரின் கதை இன்னும் கருத்தில் கொள்ளத்தக்கது. 1820களின் தொடக்கத்தில் கடுங்குளிரால் வேலை இழந்தவர்கள் அந்நகரில் திரண்டார்கள். அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்திருந்த ஆங்கிலேயர்கள் நிதி திரட்டி, அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு நடைபாதை அமைக்கச் செய்தார்கள். ஆங்கிலேயர் நடைபாதை என்று இன்றும் வழங்கும் அப்பாதை, காலப்போக்கில் நீண்டு இப்போது ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தொலைவுக்குக் கடலை ஒட்டிச் செல்கிறது. அந்நகரில் விடுதிகளின் பகட்டு பின்னர் வந்தது. முதலில் வந்தது ஏழைகளின் கையால் எழுந்த ஒரு பாதை.

நம் திகாவுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பீர்குல் என்பது அப்பகுதியின் பழைய பெயர். வாரன் ஹேஸ்டிங்ஸ் அதனைக் கிழக்கின் பிரைட்டன் என்று தம் மனைவிக்கு எழுதிய மடலில் புகழ்ந்ததாக ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1780இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஹிக்கியின் செய்தித்தாளிலேயே பீர்குல் கடற்கரைக்கு ஓய்வு நாடிச் சென்றவர்களைப் பற்றிய குறிப்புகள் இடம்பெற்றன. பிறகு அது மறக்கப்பட்டது. 1923இல் ஜான் ஃபிராங்க் ஸ்னெய்த் என்னும் ஆங்கிலேயர் அங்கு வந்தார்; கானில் பிரௌம் பிரபு செய்ததைப் போலவே அங்கேயே வீடு கட்டி வாழ்ந்தார். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராயிடம் திகாவைப் பொதுமக்களின் ஓய்விடமாக வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவரே.

ஆக இரண்டு ஊர்களும் ஒரு விருந்தினரின் விருப்பத்தால் வளரத் தொடங்கியவை. ஆனால் கான் செல்வந்தர்களை எதிர்பார்த்து வளர்ந்தது. திகாவோ அரசு ஊழியரும் ஆசிரியரும் கடைக்காரரும் தம் குடும்பத்துடன் வருவதற்காக வளர்ந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பகட்டை மட்டும் கடன் வாங்கினால், அசலும் கிடைக்காது, வட்டியும் மிஞ்சாது.

கடலைப் பார்த்து நின்றால் போதும்

கொல்கத்தாவிலிருந்து திகா ஏறக்குறைய 185 கிலோமீட்டர். சாலை வழியே செல்வோர் கோலாகாட், நந்தகுமார், காந்தி என்னும் ஊர்களைக் கடந்து செல்வர். எஸ்பிளனேடிலிருந்து அரசுப் பேருந்துகள் உண்டு. 2004இல் திகா வரை இருப்புப்பாதை எட்டியதால், ஹௌராவிலிருந்து தொடர்வண்டியிலும் நேரே செல்லலாம். அவ்வண்டிகளுள் ஒன்றின் பெயர் தாம்ரலிப்த எக்ஸ்பிரஸ். வழியிலுள்ள தம்லுக்தான் பழங்காலத் தாமிரலிப்தி துறைமுகம். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, பருவக்காற்று திரும்பும் வரை காத்திருந்து, 14 நாள் கடற்பயணத்தில் இலங்கை சேர்ந்தார். காற்றின் திசையும் பருவமும் அறிந்தவரே வழி அறிந்தவர் என்பதற்கு அவர் நல்ல சான்று.

திகாவுக்குள் வழி காண்பது கடினமன்று. பழைய திகாவின் கடற்கரைச் சுவரருகே கடலை நோக்கி நின்றால் நம் முன்னே தெற்கு. இடக்கைப் பக்கம் கிழக்கு. வலக்கைப் பக்கம் மேற்கு. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் ஊர் முழுவதும் நமக்கு வசப்படும்.

இடக்கைப் பக்கமாகச் சென்றால் முதலில் வருவது மோஹனா என்னும் கழிமுகம். மீன்பிடி படகுகள் வந்து சேரும் இடமும், காலையில் மீன் ஏலம் நடக்கும் இடமும் அதுதான். அதற்கும் அப்பால் சங்கர்பூர் மீன்பிடி துறைமுகம், பிறகு தாஜ்பூர், அதன்பின் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் மந்தார்மணி என்று கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன.

வலக்கைப் பக்கமாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடந்தால் புதிய திகா. அகன்ற மணற்பரப்பும் சவுக்குத் தோப்பும் அங்கே உள்ளன. தொடர்வண்டி நிலையமும் அந்தப் பக்கமே. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் திறக்கப்பட்ட ஜகந்நாதர் கோயில் நிலையத்திற்கு அருகில் இருக்கிறது. 1997இல் தொடங்கிய அறிவியல் மையமும் புதிய திகாவில்தான். மேலும் மேற்கே சென்றால் உதய்பூர் கடற்கரை. அங்கே வங்கம் முடிந்து ஒடிசா தொடங்குகிறது. எல்லையைத் தாண்டினால் சந்தனேஸ்வரர் கோயிலும் தால்சாரிக் கடற்கரையும்.

பழைய திகா நெருக்கமும் கடைத்தெருவும் நிறைந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் அங்கே உள்ளது. புதிய திகா இடவசதி உடையது. குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் புதிய திகாவில் தங்கலாம். முதியோர் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்க விரும்பினால் பழைய திகா ஏற்றது. அறையைப் பதிவு செய்யும்போது திகா என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், எந்தத் திகா என்று கேட்டுக்கொள்வது நலம். மந்தார்மணிக்கோ தாஜ்பூருக்கோ பதிவு செய்தவர்கள் திகா நிலையத்தில் இறங்கினால் மேலும் வண்டிச் செலவு உண்டு என்பதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வழி கேட்கும் மொழி

வழி கேட்க நாவுதான் துணை. கொல்கத்தாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் வங்கமொழி பேசத் தயங்குவோர் நம்மில் உண்டு. ஆனால் வழி கேட்பதற்குப் பத்துச் சொற்களே போதும். டான் திக்கே என்றால் வலப்பக்கம். பா திக்கே என்றால் இடப்பக்கம். இங்குள்ள திக் என்பது நம்முடைய திக்குதான். ஷோஜா என்றால் நேராக. கொதோ தூர் என்றால் எவ்வளவு தூரம். மோர் என்று அவர்கள் சொன்னால் அது குடிக்கும் மோர் அன்று. சாலைகள் கூடும் முச்சந்தி. காட் என்றால் நாம் சொல்லும் படித்துறை. மோஹனா என்றால் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். ஜோயார் என்றால் ஏறும் ஓதம். பாட்டா என்றால் வற்றும் ஓதம்.

இச்சொற்களைக் கடைக்காரரிடம், குறிப்பாகத் தேநீர்க் கடைக்காரரிடமும் இளநீர் விற்பவரிடமும், சொல்லிப் பார்க்கலாம். அவர்கள் சொல்லும் வழியில் தரகுப் பணம் கலந்திருக்காது. டோட்டோ என்று வழங்கும் மின்கல ரிக்‌ஷாவில் ஏறுவதற்கு முன் இடத்தையும் கட்டணத்தையும் பேசி முடிவு செய்துகொள்வதும் இம்மொழியால் எளிதாகும். கைப்பேசியின் வரைபடம் சாலையைக் காட்டும். எந்தப் படித்துறையில் இன்று இறங்கலாம், எதில் இறங்கக் கூடாது என்பதை ஊரார்தான் சொல்வார்கள்.

நேரத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு

மத்தியதரைக் கடலோடு வங்கக் கடலை ஒப்பிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பெரும்பாலான கரைகளில் ஒரு முழத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே அங்கே நீரின் விளிம்பிலேயே நாற்காலி போடலாம், உணவகம் நடத்தலாம். காலையில் கடல் எங்கே இருந்ததோ மாலையிலும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும்.

வங்கக் கடலின் வடமுனை அப்படிப்பட்டதன்று. இங்கே ஓதம் நாள்தோறும் இருமுறை ஆளுயரத்துக்கும் மேலாக ஏறி இறங்குகிறது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி அது இன்னும் மிகும். மறுநாள் அதே ஓதம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். ஆதலால் நேற்றுக் காலை 8 மணிக்கு நாம் நடந்த மணல், சில நாட்கள் கழித்து அதே 8 மணிக்கு நீருக்கடியில் இருக்கக்கூடும். பழைய திகாவில் உயர் ஓதத்தின்போது அலை கற்களின்மேல் மோதிச் சுவரைத் தாண்டித் தெறிக்கும். அந்த நேரத்தில் நனைந்த கற்களின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள முயல்வோர் பலர். வழுக்கும் கல்லும் திரும்பும் அலையும் சேர்ந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் தப்பிப்பது அரிது.

ஆகவே இவ்வூரின் வரைபடத்தில் இடத்தோடு நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும். விடுதிக்குள் நுழைந்ததும், காலை உணவு எத்தனை மணிக்கு என்று கேட்கும் நாம், இன்று ஜோயார் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தாழ் ஓத நேரத்தில் நீண்ட நடை. உயர் ஓத நேரத்தில் சுவருக்கு இப்பால் அமர்ந்து காட்சி. குளிப்பதானால் காவலர்கள் இருக்கும் இடத்தில், அவர்கள் சொல்லும் எல்லைக்குள் மட்டும். மது அருந்தியபின் கடலில் இறங்குவது அறவே கூடாது. குழந்தைகளின் கையை எவரேனும் ஒருவர் எப்போதும் பற்றியிருக்க வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் புயல்கள் எழும் கடல் இது. 2021 மே 26ஆம் நாள் யாஸ் புயல் ஒடிசாவின் கரையைக் கடந்தது. பௌர்ணமி ஓதமும் புயலும் ஒருசேர வந்ததால் திகாவின் கடைத்தெருக்களுக்குள் கடல் புகுந்தது. கரையோரச் சிறு கடைகள் பல அழிந்தன. நீரின் விளிம்பில் நிரந்தரக் கட்டடம் எழுப்புவது இந்தக் கடலுக்கு ஒவ்வாது என்பதை அன்று கடலே காட்டிவிட்டது.

மூன்று மீட்டர் உரிமை

மத்தியதரைக் கரையிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பிரான்சில் 1976ஆம் ஆண்டு டிசம்பர் 31இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி, கடலை ஒட்டித் தனியார் நிலம் வைத்திருப்பவர் எவராயினும், கரையோரமாக மூன்று மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் நடந்து செல்ல வழிவிட்டாக வேண்டும். கோடீசுவரர்களின் மாளிகைகள் நிறைந்த கடற்கரைகளுக்கும் அச்சட்டம் பொருந்தும். ஐந்து நட்சத்திர விடுதியில் தங்குபவரும், கையில் ஒரு ரொட்டியுடன் வந்து மணலில் அமர்பவரும், ஒரே பாதையில் நடக்கலாம். 1986இல் வந்த கடலோரச் சட்டம் கரைக்குப் பொதுமக்கள் தடையின்றிச் செல்லும் உரிமையை மேலும் உறுதிப்படுத்தியது. உல்லாசத்தின் தலைநகரம் என்று நாம் நினைக்கும் இடத்தின் உண்மையான செல்வம் இந்த மூன்று மீட்டர்தான் என்பது நம் கருத்து.

நம் நாட்டிலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது. வளர்ச்சி பெறாத ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்கள் கூடாது என்று அது வரையறுத்தது. 2019இல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் இந்தத் தொலைவை 50 மீட்டராகக் குறைத்தது. விதி உள்ளது, அதைக் காப்பதில்தான் தளர்ச்சி.

இதற்கு மந்தார்மணியே எடுத்துக்காட்டு. இறுகிய மணலின்மேல் பல கிலோமீட்டர் தூரம் வண்டி ஓட்டலாம் என்பதே அக்கடற்கரையின் பெருமையாக விளம்பரம் செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மணலுக்கடியில் செந்நண்டுகளின் வளைகள் இருக்கின்றன என்பதை எவரும் எண்ணவில்லை. கடலுக்கு மிக அருகே விடுதிகள் வரிசையாக எழுந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, 2024 நவம்பரில் அங்குள்ள 140 விடுதிகளை இடிக்குமாறு மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. விடுதி உரிமையாளர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெற்றார்கள். சட்டத்தின் முடிவு எப்படியாயினும், இதில் பாதிக்கப்படுவோரை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கி விடுதி கட்டியவர், அதில் பாத்திரம் கழுவிப் பிழைப்பவர், முன்பணம் கட்டிய பயணி, கரையை இழந்த மீனவர் என அனைவருமே நட்டத்தில்தான் நிற்கிறார்கள். தொடக்கத்திலேயே கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு அப்பால் பொதுவழி விட்டிருந்தால் இவர்களில் எவரும் இந்த நிலைக்கு வந்திருக்கமாட்டார்கள். கடலோர நிலத்தில் முதலீடு செய்ய எண்ணும் வாடிக்கையாளர்களும் இதை மனத்தில் இருத்துவது நல்லது: கடல் தெரியும் மனை என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன், அந்த மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பணப்பையும் வழி அறிய வேண்டும்

வழி தெரிந்த பயணியின் பணம் சரியான இடத்துக்குப் போகிறது. அவர் கரையோரமாக நடக்கிறார், நடக்கும் வழியில் மீன் வறுவல் கடை, சங்கு வளையல் கடை, இளநீர் வண்டி என்று பத்துக் கடைகளைப் பார்க்கிறார், விலையை ஒப்பிடுகிறார், வாங்குகிறார். காந்தி வட்டாரத்தின் முந்திரிப் பருப்பும், மேதினிப்பூர்ப் பகுதியில் கோரையால் நெய்யும் மாதுர் என்னும் பாயும் அவ்வழியே அவருக்குக் கிடைக்கின்றன. பத்தமடைப் பாயை அறிந்த நமக்கு மாதுரின் நுணுக்கத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. வழி தெரியாதவரோ ஒரு வண்டியில் ஏற்றப்பட்டு, வண்டிக்காரர் நிறுத்தும் ஒரே கடையில் இறங்கி, அவர் சொல்லும் விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். பணம் இருவரிடமும் அதே அளவுதான் செலவாகிறது, பலன்தான் வேறு.

அறைப் பதிவிலும் இதே கவனம் தேவை. விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும் போலித் தொலைபேசி எண்களும் உலவுகின்றன. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்புமாறு அவசரப்படுத்துபவரை ஐயுற வேண்டும். பணம் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஒரு குறியீட்டை வருடச் சொன்னாலோ, இரகசிய எண்ணைக் கேட்டாலோ அது மோசடியே. பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். சிறு கடைகளிலும் இப்போது கைப்பேசி வழியே பணம் செலுத்தலாம். ஆயினும் மழைக்காற்றில் மின்சாரமும் இணைப்பும் தடைபடும் கடற்கரையில், கைச்செலவுக்குச் சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நம்மிடமே உள்ள முன்மாதிரி

நடந்து அறியத்தக்க கடற்கரை நகரம் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரை நினைத்துப் பார்ப்போம். கடலை அடுத்து மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே நாளங்காடி. எந்தத் தெருவில் எந்தத் தொழிலோர் இருந்தார்கள் என்பதை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். இரவில் கடற்கரையில் மணப்பொருள் விற்போர், பூ விற்போர், அப்பம் சுடுவோர், மீன் பிடிப்போர் ஆகியோரின் விளக்குகள் எரிந்ததையும் அவர் விடாமல் குறிக்கிறார். அதைப் படிப்பவர் அந்நகரில் வழி தவறமாட்டார். சிறு வணிகரின் விளக்கே அங்கே வழிகாட்டும் விளக்கு.

இன்றைய புதுச்சேரியும் ஒரு சான்று. நேர்கோட்டுத் தெருக்கள் கடலை நோக்கி ஓடுகின்றன. எந்தத் தெருவில் கிழக்கு நோக்கி நடந்தாலும் கடல் வந்துவிடும். அங்குள்ள கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை வரை வண்டிகளுக்கு இடமில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே உரியதாகிறது. அதற்காக எந்த மாளிகையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. வண்டிகளை நிறுத்தத் துணிந்தார்கள், அவ்வளவே.

திகா குறித்து நாம் வைக்கும் வேண்டுகோள்களும் இவ்வளவு எளியவையே. மோஹனா முதல் உதய்பூர் வரை கரையோர நடைவழி இடையறாமல் தொடர வேண்டும். அதன் எந்தப் பகுதியும் ஒரு விடுதியின் முற்றமாக மாறக் கூடாது. ஒவ்வொரு படித்துறையிலும் அன்றைய உயர் ஓத, தாழ் ஓத நேரங்கள் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். வழிகாட்டும் பலகைகளில் இடப்பெயரோடு நடந்து செல்லும் நேரமும் இருக்க வேண்டும். வங்கம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் படங்களும் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் முழங்கால் வலியுள்ள பாட்டியும் கடலருகே சென்று திரும்பச் சாய்தளங்கள் வேண்டும். நாள்தோறும் மாலையில் சில மணி நேரமாவது கரையோரச் சாலையில் வண்டிகள் நிற்க வேண்டும். மணலின்மேல் வண்டி ஓட்டுவதை எங்கும், எவருக்கும் அனுமதிக்கலாகாது.

பயணிகளாகிய நமக்கும் கடமை உண்டு. கரைக்கு மிக அருகே விதி மீறி நிற்கும் கட்டடத்தில் அறை எடுப்பதைத் தவிர்க்கலாம். நெகிழிக் குப்பையை நாமே திரும்ப எடுத்து வரலாம். ஊராரிடம் அவர்கள் மொழியில் வழி கேட்கலாம். குழந்தைகளுக்குக் கடலைக் காட்டும்போதே திசையையும் ஓதத்தையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்கலாம்.

கடற்கரை நகரங்கள் பணத்தால் பளபளக்கலாம். ஆனால் பாதையால்தான் நிலைக்கின்றன. நீஸ் நகரில் வேலையற்றோர் இரு நூற்றாண்டுகளுக்கு முன் அமைத்த வழியில் இன்றும் உலகம் நடக்கிறது. வங்கத்தின் கரையிலும் அப்படி ஒரு வழி, உடைக்கவோ அடைக்கவோ முடியாதபடி, பொதுமக்களின் பெயரில் பதிவாக வேண்டும். அதுவே திகாவின் நிரந்தர வைப்புநிதி. அதன் வட்டியை நம் பேரப்பிள்ளைகளும் நடந்தே பெற்றுக்கொள்வார்கள்.